வினைல் சைடிங்கை ஏர் கன்னால் அடிக்கலாமா?

உச்சிப்புளிக்குக் கிழக்கே, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. கீழ்த்தளம் ஹாலோ பிளாக் சுவர். மேலே இரும்புச் சட்டம் நிறுத்தி, வெளிப்பக்கம் சிமென்ட் போர்டு அடைத்து இரண்டு அறை எடுத்திருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் மச்சான் கன்டெய்னரில் வினைல் சைடிங் அனுப்பிவிட்டார். வெளிச்சுவரை மூட வரிசை வரிசையாக மாட்டும் பி.வி.சி. பட்டைகள் அவை, ஒவ்வொன்றையும் பேனல் என்போம். உள்வேலை பார்க்கும் ஆசாரி, “என்கிட்ட காத்துல ஆணி அடிக்கிற ஏர் கன் இருக்கு, ரெண்டே நாள்ல அடிச்சு முடிச்சிரலாம்” என்கிறார். “அடிக்கலாமா அண்ணே, இல்ல சுத்தியல்தானா?” இதுதான் தம்பி கேட்டது.

நேரடியாகச் சொல்கிறேன். ஆசாரி வைத்திருக்கும் அந்தக் கன்னால் அடிக்கக் கூடாது. அதற்கென்று உள்ள வேறு கன்னால் அடிக்கலாம். ஆனால் உங்கள் வீட்டுக்கு, உங்கள் சுவருக்கு, இந்தக் கடற்கரைக்குக் கன்னே வேண்டாம் என்பதுதான் என் முடிவு. ஏன் என்று விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆசாரியிடம் நீங்கள்தான் போய்ப் பேசப்போகிறீர்கள்.

நான் இந்த வேலையைக் கற்றது டொரன்டோவில், யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் நடத்திய சைடிங் குழுவில். எட்டு வருடம். அங்கே வீட்டுச் சட்டம் மரம், அதன்மேல் பலகை, அதன்மேல் ஈரம் புகாத தாள், அதன்மேல் வினைல். ஊர் திரும்பிய பிறகு மண்டபம், தங்கச்சிமடம், ஏர்வாடி, தொண்டி என்று கடலோரத்தில்தான் வேலை. முதல் நாள் அந்த அண்ணன் ஒரு பேனலைக் கையில் கொடுத்துச் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது: “தம்பி, இதை அடிக்காதை. மாட்டு.”

வேலை முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. வினைல் சைடிங் என்பது சுவரில் அறைந்து ஒட்டவைக்கும் பொருள் இல்லை, கொடியில் துணி மாட்டுவதுபோல ஆணியில் தொங்கவிடும் பொருள். பேனலைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேல் விளிம்பில் வரிசையாக நீள நீளமான துளைகள் இருக்கும், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் அங்குல நீளம். ஆணிக்கு மட்டும் என்றால் வட்டத் துளை போதுமே, எதற்கு இந்த நீளம்? ஆணி நகராது, பேனல் நகரும். அது நகர்வதற்கான வழிதான் அந்த நீளத் துளை.

எவ்வளவு நகரும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேனல் ஒன்று 12 அடி 6 அங்குலம், அதாவது சுமார் 3.8 மீட்டர். பி.வி.சி. ஒரு மீட்டருக்கு, வெப்பம் 10 டிகிரி ஏறினால் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீளும். மார்கழி விடியலில் சுவர் 25 டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள். சித்திரை மாதம் மூன்று மணிக்கு மேற்குச் சுவரில் வெயில் நேரே விழும்போது பேனலின் மேல்தோல் 60 டிகிரியைத் தொடும். 35 டிகிரி வித்தியாசம். ஒரு பேனல் 8 மில்லிமீட்டர் வரை நீளும். கனடாக் குளிருக்கும் கோடைக்கும் நடுவே இது 12 மில்லிமீட்டர் வரை போகும். நமக்குப் பனி இல்லை என்பதால் நீட்சியே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே வருடத்துக்கு ஒரு முறை நடப்பதில் ஏறக்குறைய பாதி இங்கே தினமும் நடக்கிறது, காலையிலும் மாலையிலும்.

இப்போது ஆணியை இறுக்கி அடித்துவிட்டீர்கள் என்று வையுங்கள். நீள வேண்டிய பேனலுக்குப் போக இடமில்லை. அது வெளிப்பக்கமாகப் புடைக்கும். காலையில் சுவர் ஒழுங்காக இருக்கும், மதியம் பார்த்தால் வெந்த அப்பளம் மாதிரி அலை அலையாக நிற்கும். வள்ளத்தைக் கரையில் கட்டும்போது நங்கூரக் கயிற்றை விறைப்பாகவா கட்டுகிறோம்? அலை ஏறி இறங்கக் கொஞ்சம் தளர்வு விட்டுத்தானே கட்டுகிறோம். அதே அறிவுதான் இங்கேயும் வேண்டும்.

எவ்வளவு தளர்வு என்றால், ஆணித் தலைக்கும் பேனலுக்கும் நடுவே 0.8 மில்லிமீட்டர். அங்குலக் கணக்கில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. இதற்கு அளவுகோல் தேட வேண்டாம். காலாவதியான ஏடிஎம் கார்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கனம் 0.76 மில்லிமீட்டர், உலகம் முழுக்க ஒரே கனம். ஆணித் தலைக்கு அடியில் அந்தக் கார்டு தட்டாமல் நுழைந்து வெளியே வர வேண்டும். நான் வேலைக்கு எடுக்கும் பையன் ஒவ்வொருவனுக்கும் முதல் நாள் கொடுப்பது சுத்தியல் இல்லை, ஒரு பழைய கார்டு.

ஆணி, துளையின் நடுவில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் ஒரு பக்கம் நீள மட்டும்தான் இடம் இருக்கும். ஆணி நேராக இறங்க வேண்டும், சாய்ந்தால் தலையின் ஒரு விளிம்பு பேனலைக் கடிக்கும். ஒவ்வொரு பேனலையும் அடித்து முடித்தவுடன் இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். சரக் சரக்கென்று ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் எங்கோ ஓர் ஆணி கடிக்கிறது. அதைக் கண்டுபிடித்துத் தளர்த்திவிட்டுத்தான் அடுத்த வரிசைக்குப் போக வேண்டும், ஏனென்றால் அடுத்த வரிசை இந்த ஆணிகளை மூடிவிடும்.

கன்னின் குறை இங்கேதான் தெரியும். சுத்தியலால் அடிக்கும்போது கடைசி இரண்டு தட்டு மெதுவாகத் தட்டுவோம், கை நின்றுகொள்ளும். கன்னுக்குக் கை கிடையாது. உள்ளே இருக்கும் பிஸ்டன் ஒரே அடியில் ஆணியை முழுக்க இறக்கிவிடத்தான் பிறந்தது. மரம் மெத்தென்று இருந்தால் ஆணி ஆழம் போகும், கணு இருந்தால் பாதியில் நிற்கும். காற்றழுத்தம் மாறினாலும் ஆழம் மாறும். நம் ஊரில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும்போது ஒரு குதிரைத்திறன் கம்ப்ரஸர் முக்கி முனகி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். டேங்கில் காற்று நிறைவதற்குள் அடுத்த ஆணி, அதற்குள் அடுத்தது. முதல் ஆணி பேனலைக் கடிக்கும், ஐந்தாவது ஆணி துருத்திக்கொண்டு நிற்கும். பிளைவுட்டில் அடிக்கும்போது இது பெரிய விஷயமில்லை. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள வினைலில் இதுதான் விஷயமே.

ஆசாரியின் கன்னுக்கு வருவோம். நம் ஊரில் ‘ஏர் கன்’ என்று சொன்னால் பெரும்பாலும் எஃப் 30 என்கிற பின் கன். அலமாரிக்குப் பீடிங் ஒட்ட, பின்பலகை அடிக்க அருமையான கருவி. அதில் ஓடும் பின்னின் கனம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், தலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. வினைலுக்கு ஆணித் தலை குறைந்தது 8 மில்லிமீட்டர் அகலம், தண்டு 3 மில்லிமீட்டர் கனம் வேண்டும். பின்னின் தலை சைடிங்கின் துளைக்குள்ளேயே நுழைந்து போய்விடும். அதாவது பேனலைப் பிடிக்க அங்கே எதுவுமே இல்லை. வாடைக்காற்று அடிக்கும் முதல் இரவே பேனல்கள் உரிந்து பக்கத்து வீட்டுத் தோப்பில் கிடக்கும். ஆசாரியைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் வேலைக்கு அது சரியான கருவி, இந்த வேலைக்கு இல்லை.

இன்னொன்று எஸ்.டி. 64 என்ற கான்கிரீட் ஆணிக் கன். அதைக் கொண்டுவந்து ஹாலோ பிளாக்கில் அடித்துப் பார்க்காதீர்கள், பிளாக்கின் ஓடு பெயர்ந்து விழும். சோபா தைப்பவர்களின் ஸ்டேப்ளர் கன்னும் வேண்டாம். துறைமுகப் பக்கம் பேலட் அடிக்கிற பட்டறைகளில் சுருள் ஆணிக் கன் இருக்கும். அது பார்க்க இதற்கு ஆனது மாதிரியே இருக்கும். ஆனால் அதில் ஓடும் ஆணிக்குத் தலை சின்னது, பூச்சும் பெரும்பாலும் கிடையாது.

அளவில் பொருந்துவது கூரை ஆணிக்கான சுருள் கன். அதன் ஆணித் தலை 9.5 மில்லிமீட்டர், தண்டு 3 மில்லிமீட்டர். அல்லது சைடிங்குக்கென்றே வரும் கன். எதுவானாலும் மூக்கில் வினைலுக்கான அடாப்டர் மாட்டியிருக்க வேண்டும். அந்த அடாப்டரில் ஒரு சின்ன நாக்கு இருக்கும். அது பேனலின் துளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஆணி தானாக நடுவில் விழும், தலையும் பேனலைத் தொடாமல் மேலேயே நின்றுவிடும். கை செய்யும் இரண்டு வேலையை அந்த நாக்கு செய்கிறது. அது இல்லாமல் எவ்வளவு விலையுயர்ந்த கன்னாக இருந்தாலும் வினைல் பக்கம் கொண்டுபோகாதீர்கள். டொரன்டோவில் எங்கள் குழுவில் அடாப்டரோடு கன் ஓட்டியிருக்கிறோம். நாற்பது வீடு வரிசையாக ஒரே மாதிரி நிற்கிற காலனியில் அது லாபம். அப்போதும் மூலை, ஜன்னல் ஓரம், கடைசி வரிசை எல்லாம் சுத்தியல்தான்.

உப்பைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. இந்தக் கரையில் ஆணியைத் தீர்மானித்த பிறகுதான் கருவியைத் தீர்மானிக்க வேண்டும்.

பாம்பனைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்த கதை. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தைத் துருவிடமிருந்து காப்பாற்ற நூறு வருடத்துக்கு மேல் ஓயாமல் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருந்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் கான்கிரீட்டுக்குள் போன கம்பியே துருப்பிடிக்காத எஃகு. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் உலோகம் எப்படி அரிக்கிறது என்று சோதிக்க மண்டபத்தில் இடம் வைத்திருக்கிறார்கள். இந்தக் காற்றின் தன்மையை அறிய அதைவிடச் சான்று வேண்டுமா?

வடக்கே பெண் கடல், தெற்கே ஆண் கடல் என்று இரண்டு பக்கமும் கடல் நமக்கு. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் தெற்குக் கரையிலிருந்து உப்புத் திவலை ஏறி வரும். ஐப்பசி கார்த்திகையில் வாடையும் கொண்டலும் மழையைக் கிடையாக அடிக்கும். இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நிற்பது உங்கள் சுவர். சைடிங்கின் ஆணிக்கு இன்னொரு கூடுதல் தொல்லை உண்டு. திறந்த வெளியில் இருக்கும் இரும்பை வருடத்தில் சில மழையாவது கழுவிவிடும். சைடிங் ஆணியின் தலையை மேல் வரிசைப் பேனல் மூடியிருக்கிறது. உப்புக் காற்று இடுக்கு வழியே உள்ளே போகும், கழுவிவிடும் அளவுக்கு மழை போகாது. படிந்த உப்பு படிந்ததுதான். இரவு ஈரத்தை அது இழுத்துக்கொண்டே இருக்கும். வெளியே தெரியும் கேட்டைவிட உள்ளே மறைந்திருக்கும் ஆணி சீக்கிரம் துருப்பிடிப்பது இதனால்தான்.

இதை நான் தெரிந்துகொண்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வந்து நான் எடுத்த முதல் வேலை, மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விடுதி. மணல் நிற வினைல், பார்க்க அழகாக இருந்தது. ஆணி வெளியூர்க் கடையில் வாங்கியது. பளபளவென்று இருந்தது, ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு என்று எழுதியிருந்தது. நானும் நம்பிவிட்டேன். அது மின்முலாம் பூசியது, துத்தநாகம் ஒரு தாள் கனம்கூட இருக்காது. இரண்டு மழைக்காலம் போனது. விடுதிக்காரர் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் ஒவ்வொரு வரிசையின் இணைப்பிலிருந்தும் தேநீர் நிறத்தில் ஒழுகல், 40 சென்டிமீட்டருக்கு ஒன்று, அளந்து வைத்தமாதிரி. ஒரு பேனலைக் கழற்றி ஆணித் தலையைக் கட்டைவிரல் நகத்தால் நெம்பினேன். பிஸ்கட் மாதிரி பொடிந்து கையோடு வந்துவிட்டது. பேனலுக்கு ஒன்றும் ஆகவில்லை, அன்று வாங்கியதுபோலவே இருந்தது. ஆணி செத்துவிட்டது. என் செலவில் முழுச் சுவரையும் பிரித்து மறுபடி மாட்டினேன்.

அதனால் ஆணி வாங்கும்போது ‘ஜி.ஐ.தானே’ என்று கேட்டு வாங்காதீர்கள். உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்ததா, மின்முலாமா என்று கேளுங்கள். முக்கியெடுத்தது மங்கலான சாம்பல் நிறத்தில், சொரசொரப்பாக, சில இடத்தில் திட்டுத்திட்டாக இருக்கும். பளபளப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். கடலிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ராமநாதபுரம் டவுன் பக்கம் என்றால் முக்கியெடுத்த ஆணி போதும். உங்கள் வீட்டுக்குப் போதாது. உங்களுக்கு 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு. 304 ரகம் உப்புக் காற்றில் பழுப்புக் கறை விடும். கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி ‘ஒட்டவில்லை பாருங்கள், 316தான்’ என்பார். 304-ம் 316-ம் இரண்டுமே காந்தத்துக்குப் பெரிதாக ஒட்டாது, அந்தச் சோதனையால் இரண்டையும் பிரிக்க முடியாது. பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள், அல்லது ஆணித் தலையில் 316-க்கு இன்னொரு பெயரான ஏ4 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபைபர் வள்ளத்துக்குச் சாமான் விற்கும் கடையில் கேட்டால் அவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். அலுமினிய ஆணியும் கறை விடாது, வினைலுக்கு ஏற்றதுதான். ஆனால் கெட்டி மரத்தில் வளைந்துவிடும்.

கன்னுக்கான சுருளில் 316 ரகம் நம் பக்கத்துக் கடையில் கேட்ட மாத்திரத்தில் கிடைப்பதில்லை. கிடைக்கிற சுருள் பெரும்பாலும் மின்முலாம்தான். கன்னைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்றால் ஆணியைக் கன் தேர்ந்தெடுத்துவிடும். இந்தக் கரையில் நான் கன்னை ஒதுக்குவதற்கு இதுவே பெரிய காரணம்.

அடுத்தது உங்கள் சுவர். அது மரமே இல்லையே, தம்பி. சிமென்ட் போர்டு ஆணியைப் பிடிக்காது. அடித்தால் இறங்கும், இழுத்தால் வந்துவிடும். பின்னால் இருக்கும் இரும்புக் குழாயில் சைடிங் கன்னின் ஆணி இறங்கவே இறங்காது. வளையும், இல்லை தெறிக்கும். ஆக ஸ்க்ரூதான் வழி.

உள்பக்கம் இன்னும் மூடவில்லை என்றால் உங்களுக்கு நல்ல காலம். பட்டறைக்காரர் 2 அடிக்கு ஒரு குத்துச் சட்டம் நிறுத்தியிருப்பார், போர்டு 4 அடி அகலம் என்பதால். சைடிங்குக்கு 16 அங்குலத்துக்குள், அதாவது 40 சென்டிமீட்டருக்குள் ஒரு பிடிமானம் வேண்டும். இரண்டு சட்டத்துக்கு நடுவே உள்பக்கமாக இன்னொரு சட்டம் நிறுத்திவிடுங்கள். 30 சென்டிமீட்டருக்கு ஒன்று வந்துவிடும். கடலோரக் காற்றுக்கு அது இன்னும் நல்லது. வெளியே போர்டின்மேல் ஈரம் புகாத தாளை ஒட்டி, சட்டம் வரும் இடங்களுக்குச் சாயநூல் அடித்துக்கொள்ளுங்கள். பிறகு பேனலின் துளை வழியே முன்துளை போட்டு, 8-ஆம் நம்பர், பான் தலை, 32 மில்லிமீட்டர் 316 ஸ்க்ரூ. முன்துளை ஏன் என்றால், இந்த ரக எஃகு கடினப்படுத்திய சாதா ஸ்க்ரூவைவிட மென்மை. தானே துளைத்துக்கொண்டு போகும் என்று நம்பி அழுத்தினால் முனை மழுங்கிப்போகும். டிரில் மிஷினின் கிளட்ச்சைக் குறைத்து வைத்து, கடைசிச் சுற்றைக் கையால் முடியுங்கள். கார்டு நுழைய வேண்டும் என்பது ஸ்க்ரூவுக்கும் அதே சட்டம். துருப்பிடிக்காத ஸ்க்ரூவும் சாதா இரும்பும் சேர்ந்தால் அரிக்காதா என்று யாராவது கேட்பார்கள். சின்ன ஸ்க்ரூ, பெரிய சட்டம் என்ற விகிதத்தில் ஆபத்து குறைவு. பெரிய துருப்பிடிக்காத தகட்டில் சின்ன இரும்பு ஆணி அடிப்பதுதான் கெடுதல்.

உள்பக்கம் மூடிவிட்டீர்கள் என்றால் செலவு கூடும். வெளிப்பக்கம் குறுக்குச் சட்டங்களில் ஸ்க்ரூ போட்டு மருந்து ஏற்றிய மர ரீப்பர்களை 40 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நிறுத்தி, அதன்மேல் 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் அடைக்க வேண்டும். பிளைவுட் இல்லாமல் வெறும் ரீப்பரில் மாட்டினால் காற்று தள்ளும்போது பேனல் உள்ளே வாங்கி வெளியே வரும், வரிசையோடு வரிசையைக் கோக்கும் பூட்டு கழன்றுவிடும். பிளைவுட்டையும் ரீப்பரையும் சேர்த்து ஆணி 32 மில்லிமீட்டராவது இறங்கியிருக்க வேண்டும். குறுக்குச் சட்டம் எங்கே என்று தெரியாவிட்டால் போர்டின்மேல் காந்தத்தை ஓட்டுங்கள், ஸ்க்ரூ வரிசை காட்டிக்கொடுக்கும்.

வீட்டுப் பெரியவர்கள் ‘பழைய ஓட்டிலிருந்து இறக்கின பனங்கை கிடக்கே, அதையே ரீப்பரா வெச்சுக்கலாமே’ என்பார்கள். வைரம் பாய்ந்த பனை அது, நூறு வருடம் நிற்கும் என்பது உண்மை. ஆனால் ஆணிக்கு அது எதிரி. நான் ஒரு முறை கன்னால் பனங்கையில் அடித்துப் பார்த்தேன். ஆணி கறுப்பு நாரில் பட்டு உள்ளேயே கொக்கி மாதிரி வளைந்து, பக்கவாட்டில் என் இடது கையிலிருந்து நான்கு விரல் தூரத்தில் முனையை நீட்டிக்கொண்டு வெளியே வந்தது. பனங்கையை உள்ளே மச்சுக்கு வையுங்கள், அழகாக இருக்கும்.

கீழ்த்தளத்துக்கும் சைடிங் மிச்சம் இருக்கிறதே என்று அடிக்காதீர்கள். பிளாக் சுவருக்கு நல்ல பூச்சும் பெயிண்டும் போதும்.

இனி வேலை நடக்கும்போது கவனிக்க வேண்டியவை. அடி வரிசையைப் பிடிக்கும் ஸ்டார்ட்டர் பட்டையை டியூப் மட்டம் வைத்து வீட்டைச் சுற்றி ஒரே மட்டத்தில் ஓட்டுங்கள். அங்கே 5 மில்லிமீட்டர் தவறினால் ஜன்னல் மேலே போகும்போது கண்ணை உறுத்தும். பேனலின் முனைக்கும் மூலைப் பட்டை, ஜன்னல் ஓரத்தில் முனையை மறைக்கும் ஜே சேனல் ஆகியவற்றுக்கும் நடுவே 6 மில்லிமீட்டர் விடுங்கள். உச்சி வெயிலில், பேனல் ஏற்கெனவே நீண்டிருக்கும்போது மாட்டினாலும் அதே 6 விடுவது என் வழக்கம், கொஞ்சம் கூடினாலும் சேனல் மறைத்துக்கொள்ளும். பேனலோடு பேனல் சேரும் இடத்தில் ஓர் அங்குலம் மேலேறட்டும். அந்த இணைப்பின் வாய் காற்று வரும் திசையைப் பார்த்திருக்கக் கூடாது. உங்கள் தெற்குச் சுவரில் கச்சானுக்கு முதுகு காட்டுகிற மாதிரி, அதாவது வாய் கிழக்கே பார்க்கிற மாதிரி அடுக்குங்கள். பேனலைக் கீழ் வரிசையில் பூட்டும்போது மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு அடிப்பது எல்லாப் பையன்களும் செய்யும் தவறு. பூட்டியதும் கையை எடுங்கள், அது தானாகத் தொங்கட்டும், பிறகு அடியுங்கள்.

ஈரம் புகாத தாளைச் செலவு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். வினைல் தண்ணீரைத் தடுக்கும் சுவர் இல்லை, மழையின் வேகத்தைக் குறைக்கும் சட்டை மாதிரி. கிடையாக அடிக்கும் மழை உள்ளே போகும். பேனலின் அடிமடிப்பில் இருக்கும் சின்னத் துளைகள் வழியே வெளியே வந்துவிடும். அந்தத் துளைகளை சிலிகான் வைத்து அடைத்த ஒரு வீட்டை நான் பார்த்திருக்கிறேன், உள்ளே போர்டு முழுக்கப் பூஞ்சணம்.

கரும் நிறம் அனுப்பியிருந்தால் மேற்குச் சுவரில் போடாதீர்கள். 70 டிகிரியைத் தாண்டினால் வினைல் இளகத் தொடங்கும். எதிர்ச்சுவரில் வெப்பத்தைத் திருப்பியடிக்கும் கண்ணாடி ஜன்னல் இருந்தால் அதன் பிம்பம் விழும் இடத்தில் பேனல் இளகிக் கோணிப்போன வீடுகளை அங்கே கண்ணால் கண்டிருக்கிறேன்.

பிளைவுட் அடிப்பதற்காகக் கன் எடுக்கிறீர்கள் என்றால், அது நியாயமான உபயோகம்தான், ஒரு பகல் வேலை ஒரு மணியில் முடியும். ஆனால் விசையைப் பாருங்கள். சில கன்னில் விசையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மூக்கை எங்கே மோதினாலும் ஆணி பாயும். சிலதில் முதலில் மூக்கை அழுத்தி, பிறகு விசையை அமுக்கினால்தான் பாயும், ஒவ்வோர் ஆணிக்கும் அப்படி. இரண்டாவது ரகம் மட்டும் வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். முதல் ரகத்தில் காயம் படும் வாய்ப்பு இரண்டு மடங்கு என்று அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறையினர் 2011-ல் வெளியிட்ட கையேட்டில் சொல்லியிருக்கிறார்கள். சவுக்குச் சாரத்தில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் அடிக்கும்போது அந்த வித்தியாசம் உங்கள் தொடையிலோ முழங்காலிலோ தெரியும். கண்ணாடி போடாமல் யாரையும் சாரத்தில் ஏற்றாதீர்கள். கம்ப்ரஸர் பழுதானால் வெல்டிங் பட்டறை ஆக்சிஜன் சிலிண்டரில் ஹோஸை மாட்டலாமா என்று எவனாவது கேட்பான். வேண்டவே வேண்டாம். கன்னுக்குள் எண்ணெய் இருக்கிறது, வெடிக்கும். மாலையில் டேங்கின் அடி வால்வைத் திறந்துவிடுங்கள். நம் காற்றில் ஒரு நாள் ஓடினாலே ஒரு செம்புத் தண்ணீர் சேர்ந்துவிடும். அது கன்னுக்குள் போனால் பிஸ்டனே துருப்பிடிக்கும்.

வெட்டிய துண்டுகளை ஒரு சாக்கில் சேருங்கள். மணலில் விட்டால் வாடை எடுத்துக்கொண்டு போய்க் கடலில் போடும். எரித்தால் மூக்கை எரிக்கும் அமிலப் புகை வரும். 21 தீவுகளும் கடற்பசுவும் ஆமையும் இருக்கிற கடல் இது, நம் பிள்ளைகள் வலை வீசுகிற கடல்.

ஆசாரியை வேலையை விட்டு நிறுத்த வேண்டாம், கை நல்ல கை என்கிறீர்கள். கார்டு ஒன்றை அவர் சட்டைப்பையில் போடுங்கள். மேற்குச் சுவரில் முதலில் மூன்றே மூன்று பேனல் மட்டும் மாட்டச் சொல்லுங்கள், காலை ஏழு மணிக்கு. பிறகு வேறு வேலை பாருங்கள். மூன்று மணிக்கு வெயில் சுவரில் நேரே விழும்போது இரண்டு பேரும் மூலையில் போய் நின்று, கன்னத்தைச் சுவரோடு வைத்து, ஒற்றைக் கண்ணால் நீளமாகப் பாருங்கள். கோடு நேராக ஓடினால் மறுநாள் தொடருங்கள். அலை தெரிந்தால் எந்த ஸ்க்ரூவைச் சுற்றி அலை எழுகிறது என்று பார்த்து அதை அரைச் சுற்று தளர்த்துங்கள். அடங்குவது கண்ணெதிரே தெரியும்.